இன்றைக்கு வீட்டில் யார்?

கேன்ஸஸ் மாநிலத்தில் ஓவர்லேண்ட் பார்க் என்றொரு புறநகர். அங்கே ஒரு வீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கதவைத் திறந்ததும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உடையைப் பார்க்கிறார்கள். ஜீன்ஸ் இடுப்பிலிருந்து நழுவிக்கொண்டிருந்தால் வந்திருப்பது டி. வயது 16, பெயரே அந்த ஒற்றை எழுத்துதான். தொப்பியும் பெரிய கண்ணாடியும் என்றால் பக். வியட்நாம் போருக்குப் போய் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும், பீரும் கையுமாக இருக்கும் ஆள். கழுத்தில் முத்துமாலையும் அடுப்பில் கேக்கும் என்றால் ஆலிஸ், 1950களின் சமையலறை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி ஒரு இல்லத்தரசி. எதுவும் இல்லாமல் கசங்கிய சட்டையில் பெயின்ட் கறையோடு நின்றால், சரி, அம்மாவேதான்.

அந்த அம்மாவின் பெயர் டாரா கிரெக்சன். டி, பக், ஆலிஸ் மூவரும் அவளுக்குள்ளேயே மாறி மாறி வரும் ஆளுமைகள். இது ஒரு தொலைக்காட்சித் தொடர், பெயர் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் டாரா'. ஸ்டேட் என்றால் மாநிலமும் உண்டு, மனநிலையும் உண்டு. அந்தச் சிலேடையைத் தமிழில் கொண்டுவர முடியாது, விட்டுவிடலாம். அமெரிக்காவின் ஷோடைம் சேனலில் 2009 ஜனவரி முதல் 2011 ஜூன் வரை மூன்று பருவங்கள், பருவத்துக்கு 12 வீதம் 36 பகுதிகள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சொன்ன ஒரு யோசனையை வைத்து, 'ஜூனோ' படத்துக்குத் திரைக்கதை எழுதி ஆஸ்கர் வாங்கியிருந்த டயாப்லோ கோடி இதை உருவாக்கினார். டாராவாக நடித்தவர் ஆஸ்திரேலிய நடிகை டோனி கொலெட். நகைச்சுவைத் தொடரின் சிறந்த நடிகைக்கான எம்மி விருது 2009இல் அவருக்குக் கிடைத்தது, அடுத்த ஆண்டு கோல்டன் குளோப். மகள் கேட் என்ற பாத்திரத்தில் வருபவர் பிரீ லார்சன்; அவரும் பிறகு ஆஸ்கர் வாங்கியவர்.

நகைச்சுவைத் தொடர் என்று விருதுக்குழு சொன்னதில் தப்பில்லை. அரை மணி நேரத் தொடர், சிரிக்கவும் வைக்கிறது. ஆனால் சிறுவயதில் நடந்த பாலியல் கொடுமையால் சிதறிப்போன ஒரு பெண்ணின் கதை இது. அதை வைத்து எப்படிச் சிரிப்பு மூட்டினார்கள்? இந்தக் கேள்விக்குத் தொடரே ஒரு பதில் வைத்திருக்கிறது. மூன்றாம் பருவம் வரை பொறுத்திருந்தால்தான் அது தெரியும்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். இப்போது மருத்துவ உலகில் இதற்கு டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர், சுருக்கமாக டிஐடி என்று பெயர். தமிழில் விலகல் அடையாளக் கோளாறு என்கிறார்கள். பழைய பெயர் பல ஆளுமைக் கோளாறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அந்தப் பழைய பெயர் 1980இல் ஏறியது, 1994இல் மாற்றப்பட்டது. மாற்றியதற்குக் காரணம் உண்டு. 'பல ஆளுமை' என்றால் ஒரு உடம்புக்குள் பல பேர் குடியிருப்பது போன்ற எண்ணம் வருகிறது. மருத்துவர்கள் சொல்வது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு. ஒரே ஒரு முழு ஆளாகக்கூட மனம் சேர்ந்துவர முடியாமல் போனதுதான் இங்கே சிக்கல்.

பிறக்கும்போதே யாருக்கும் 'நான்' என்ற ஒற்றை உணர்வு இருப்பதில்லை. பசிக்கும் குழந்தை, சிரிக்கும் குழந்தை, பயந்து அலறும் குழந்தை என்று தனித்தனி நிலைகளாக இருப்பவை, வளர வளர, பெரியவர்களின் அரவணைப்பில் ஒன்றாகக் கோர்க்கப்படுகின்றன. அந்த வயதில் கொடுமை திரும்பத் திரும்ப நடந்தால், அதுவும் பாதுகாக்க வேண்டியவர்களிடமிருந்தே வந்தால், குழந்தைக்கு ஓடுவதற்கு இடமில்லை. உடம்பு அங்கேயே கிடக்க, மனம் விலகிக்கொள்கிறது. 'இது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ நடக்கிறது.' அந்த வேறு யாரோவுக்கு நாளடைவில் ஒரு பெயர், வயது, குரல், தனி நினைவு எல்லாம் வந்துவிடுகிறது. முழுப் பானை கீழே விழுந்து உடைந்த கதை என்றுதான் இதை நாம் வழக்கமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பானையாகச் சேர்வதற்கு முன்பே மண் தனித்தனி உருண்டையாகக் காய்ந்துவிட்டது.

நோயைக் கண்டறிய ஆளுமை மாறுவது மட்டும் போதாது, மறதியும் இருக்க வேண்டும். நேற்று மாலை எங்கே இருந்தேன் என்று தெரியாது. தான் வாங்காத சட்டை அலமாரியில் தொங்கும். தெரியாத ஆள் தெருவில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். டாரா இதையெல்லாம் அனுபவிக்கிறாள். முதல் பகுதியில் மகளின் கருத்தடை மாத்திரைச் சீட்டு கையில் கிடைத்து, அந்த அதிர்ச்சியில் டி வந்துவிடுகிறாள். அப்புறம் பக் வந்து மகளின் காதலன் மேல் கை வைக்கிறான். எல்லாம் முடிந்து திரும்பி வரும் டாரா, தன் பெயரில் நடந்த ரகளையைப் பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தொடருக்கு ஆலோசகராக இருந்தவர் ரிச்சர்ட் கிளஃப்ட் என்ற மனநல மருத்துவர், இந்தக் கோளாறில் பல பத்தாண்டு அனுபவம் உள்ளவர். அதனால் அடிப்படைகள் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. உடைதான் மிகை. நிஜத்தில் பெரும்பாலான நோயாளிகள் இப்படித் தொப்பியும் முத்துமாலையும் மாட்டிக்கொண்டு வருவதில்லை. மறைப்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த வித்தை. ஒளிந்து பிழைப்பதற்காகவே உருவான ஏற்பாடு அல்லவா! குரலில் ஒரு சின்ன மாற்றம், பார்வையில் ஒரு வெறுமை, அவ்வளவுதான் வெளியே தெரியும். மனச்சோர்வு என்றும் வேறு ஏதோ என்றும் பல வருடம் வைத்தியம் பார்த்த பிறகே பலருக்கு நோய் இன்னதென்று தெரியவருகிறது. தொலைக்காட்சிக்கு அது உதவாது. பார்ப்பவருக்கு ஒரு நொடியில் ஆள் மாறியது புரிய வேண்டும், எனவே உடை. இதில் பெரிய குறை காண எனக்குத் தோன்றவில்லை. கூத்தில் கிரீடம் பார்த்துத்தானே ராஜாவைத் தெரிந்துகொள்கிறோம். அதோடு கொலெட் உடையை மட்டும் நம்பி நடிப்பவர் இல்லை. பக் உட்காரும்போது முழங்கால்கள் விலகும் விதமும், ஆலிஸின் கழுத்து நிமிர்வும், உடைமாற்றம் இல்லாத காட்சிகளில்கூட யார் வந்திருப்பது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

நமக்கு இங்கே ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. ஸ்கிட்ஸோஃப்ரீனியாவுக்குத் தமிழில் மனச்சிதைவு என்று பெயர். மனம் சிதைவது என்றதும் ஆள் இரண்டாகப் பிரிவதுதான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. மனச்சிதைவில் இல்லாத குரல் கேட்கும், இல்லாத சதி தெரியும். வேறு பெயருள்ள ஆளாக மாறுவது அதன் அடையாளம் கிடையாது. போதாததற்கு 2005ஆம் வருடம் இரண்டு மாத இடைவெளியில் 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் வந்து 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி' என்பதை டீக்கடைப் பேச்சாக்கின. இரண்டிலும் உள்ளே இருக்கும் இன்னொரு ஆள் கொலைக்குத் துணிந்தவர். டிஐடி உள்ளவர்களால் ஆபத்து பெரும்பாலும் அவர்களுக்கே. அமெரிக்கக் கையேட்டின் 2013 பதிப்பு, வெளிநோயாளிகளாக வைத்தியம் பார்க்கும் டிஐடி நோயாளிகளில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது. அதே பதிப்பில்தான் 'வேறொன்று உடம்பில் புகுந்த அனுபவம்' என்பதும் இந்த நோயின் விளக்கத்துக்குள் சேர்க்கப்பட்டது. ஊரும் குடும்பமும் ஏற்றுக்கொண்ட சாமியாட்டத்தை நோய்க் கணக்கில் எழுதக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே உண்டு.

சரி, இந்த நோய் உண்மையிலேயே இருக்கிறதா? கேள்வி விளையாட்டுக்கில்லை. மனநல மருத்துவத்தில் இவ்வளவு சண்டை நடந்த நோய்ப் பெயர்கள் குறைவு. 1957இல் 'தி த்ரீ ஃபேஸஸ் ஆஃப் ஈவ்' படம் வந்து, மூன்று ஆளுமைகளாக நடித்த ஜோவான் உட்வர்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 1973இல் 'சிபில்' என்ற புத்தகம் 16 ஆளுமைகள் கொண்ட பெண்ணைப் பற்றிப் பேசியது. 1976இல் அது தொலைக்காட்சிப் படமாகி, சாலி ஃபீல்டுக்கு எம்மி வாங்கித் தந்தது. அதற்கு முன் மருத்துவ இலக்கியத்தில் அபூர்வமாக இருந்த நோய் 1980களில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஹிப்னாட்டிசம் செய்து 'மறந்துபோன' நினைவுகளைத் தோண்டியெடுத்தார்கள். சாத்தான் வழிபாட்டுக் கும்பல்கள் குழந்தைகளைக் கொடுமை செய்தன என்ற பீதி நாடு முழுவதும் பரவியது. பிறகு அந்த நினைவுகளில் பல, வைத்தியர்களே அறியாமல் ஊட்டியவை என்று தெரிந்து வழக்குகள் வந்தன. 2011இல் டெபி நாதன் என்ற பத்திரிகையாளர், சிபில் கதையே பெருமளவு மருத்துவரும் நோயாளியும் எழுத்தாளரும் சேர்ந்து கட்டியது என்று ஒரு புத்தகம் எழுதினார்.

ஆகவே இரண்டு முகாம்கள். சிறுவயதுக் கொடுமையே காரணம் என்பது ஒன்று. ஏற்கெனவே மனம் நொந்தவர்கள், சினிமாவும் வைத்தியரும் தரும் ஒரு சட்டகத்துக்குள் தங்களைப் பொருத்திக்கொள்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது முகாமிலும் பெரும்பாலோர் நோயாளிகள் பொய் சொல்வதாகச் சொல்வதில்லை. துன்பம் நிஜம், அதன் வடிவம்தான் கற்றுக்கொண்டது என்கிறார்கள்.

டயாப்லோ கோடி செய்த புத்திசாலித்தனம், இந்தச் சண்டையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து உட்காரவைத்தது. டாராவின் தங்கை சார்மெய்ன் (ரோஸ்மேரி டிவிட்) முதல் பருவம் முழுக்க அக்காவை நம்புவதில்லை. எல்லாரும் தன்னையே கவனிக்க வேண்டும் என்று போடும் நாடகம் என்கிறாள். குடும்பங்களில் இது சகஜம். 'அவளுக்கு வேலை செய்ய வலிக்கிறது, அதான் தலைவலி' என்று சொல்லாத வீடு உண்டா? மூன்றாம் பருவத்தில் அதே சந்தேகம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறது. டாரா பாதியில் விட்ட கல்லூரிப் படிப்பைத் தொடரப் போகிறாள். அங்கே உளவியல் பாடம் நடத்தும் பேராசிரியர் ஹட்டரஸ் (எடி இசார்ட்), இந்த நோயே கிடையாது என்று நினைப்பவர். நேரில் பார்த்ததும் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைத்தது என்று அவருக்குக் கண் விரிகிறது. தங்கையின் அவநம்பிக்கை, பேராசிரியரின் ஆர்வம் இரண்டில் எது டாராவை அதிகம் புண்படுத்தியது என்று கேட்டால், இரண்டாவது என்பேன்.

சிரிப்புக்கு வருவோம். தொடரின் நகைச்சுவை பெரும்பாலும் டாராவின் மேல் விழுவதில்லை, அவளைச் சுற்றியிருப்பவர்களின் நடைமுறை அறிவிலிருந்து வருகிறது. டி வந்தால் மகள் கேட்டுக்குக் கொண்டாட்டம், சட்டை மாற்றிப் போட்டுக்கொள்ள ஒரு தோழி. மகன் மார்ஷல் பழைய சினிமாப் பிரியன். ஆலிஸின் நறுவிசும் சமையலும் அவனுக்குப் பிடிக்கும். கணவன் மேக்ஸ் (ஜான் கார்பெட்) தோட்டவேலை ஒப்பந்தக்காரன். அவன் பக்கோடு ஆண்பிள்ளைப் பேச்சு பேசுவான், டி நெருங்கி வந்தால் நகர்ந்துகொள்வான். மனைவியின் மற்ற ஆளுமைகளோடு உடலுறவு கிடையாது என்பது தம்பதிக்குள் போட்ட விதி. தான்தான் அவனுடைய உண்மையான மனைவி என்று நம்பும் ஆலிஸுக்கு இந்த விதி பெரிய குறை. வாரம் இரண்டு விருந்தாளி வரும் வீட்டில் படுக்கை விரிப்பை எங்கே வைப்பது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்குமே, அந்த மாதிரிப் பழக்கம்.

ஆனால் விருந்தாளி செய்ததற்கும் வீட்டுக்காரர்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மார்ஷலுக்கு ஜேசன் என்ற பையன் மேல் முதல் காதல். அந்தப் பையனிடம் டி போய் விளையாடிவிடுகிறாள். டிக்கு வயது 16, அவளுக்கு அது ஒரு குறும்பு. மார்ஷலின் கண்ணுக்குத் தெரிந்ததோ அம்மாவின் முகம். அவன் அழவில்லை, கத்தவில்லை. டாரா தனக்கென்று வைத்திருந்த கொல்லைப்புறக் கொட்டகைக்குத் தீ வைக்கிறான். அம்மாமேல் கோபப்பட முடியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. டிமேல் கோபப்படலாம், ஆனால் டி எங்கே இருக்கிறாள்? நோயாளியோடு வாழும் பிள்ளையின் கோபத்துக்கு முகவரி கிடையாது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய இன்னொரு காட்சி எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை.

மேக்ஸைப் பொறுமையின் சிகரம் என்று பார்ப்பவர்கள் கொண்டாடினார்கள். எழுத்தாளர்கள் அவனையும் விட்டுவைக்கவில்லை. அவனுடைய அம்மா வீட்டை விட்டு வெளியே வராத, தானும் மனநலம் குன்றிய பெண் என்று மூன்றாம் பருவத்தில் தெரியவருகிறது. சின்ன வயதிலிருந்தே பழகிய வேலையைத்தான் அவன் மனைவியிடம் செய்துகொண்டிருந்திருக்கிறான். எல்லாவற்றையும் சிரித்துச் சமாளிக்கும் திறமை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் அதுவே விடை.

இரண்டாம் பருவத்தில் ஒரு நல்ல வேடிக்கை. டாராவுக்குச் சரியான வைத்தியர் அமையவில்லை. ஆகவே மனம் தானே ஒரு வைத்தியரை உண்டாக்கிக்கொள்கிறது: ஷோஷானா ஷோன்பாம், நீளக் கூந்தல், எதற்கும் ஒரு கேள்வி. மேக்ஸ்கூட அவள் எதிரில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிறான், மனைவியைப் பற்றி மனைவியிடமே. சிரித்துக்கொண்டே பார்க்கும்போதுதான் உறைக்கிறது, இந்தக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து உதவி எவ்வளவு குறைவாகக் கிடைத்திருக்கிறது என்று. டிஐடியைக் குணமாக்கவென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. மாத்திரைகள் கூடவே வரும் பதற்றம், சோர்வு, தூக்கமின்மைக்குத்தான். உண்மையான வைத்தியம் பேச்சு, அதுவும் வருடக்கணக்கில். முதலில் பாதுகாப்பும் நிதானமும், அதற்கப்புறம் பழைய காயம், கடைசியாகத்தான் சேர்ந்து வாழ்வது என்பது வழக்கமான வரிசை.

டாரா இந்த வரிசையைத் தலைகீழாக்கினாள். தொடர் ஆரம்பிக்கும்போதே அவள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். மற்றவர்களை அமுக்கிவைத்தால் தனக்கு என்ன நடந்தது என்பது தெரியாமலே போய்விடும் என்பது அவள் வாதம். விடுதிப் பள்ளியில் ஒருவன் செய்த கொடுமைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று நம்பி அவனைத் தேடுகிறாள். ஆளும் கிடைக்கிறான். அந்த இரவுக்கு முன்பே அவளுக்குள் மற்றவர்கள் இருந்திருக்கிறார்கள் என்ற ஒன்றுதான் மிச்சம். இன்னும் பின்னால் போக வேண்டும். போகப் போக, அக்கா தங்கை இருவரும் சிறுமிகளாக ஒரு வளர்ப்புத் தாயின் வீட்டில் விடப்பட்டிருந்ததும், பிரைஸ் என்ற அண்ணனின் பெயரும் வெளியே வருகின்றன. தாய் தந்தையரில் ஒருவர் மட்டும் பொதுவான அண்ணன். அக்காவை நடிக்கிறாள் என்று ஏசிய சார்மெய்னும் அதே வீட்டில் வளர்ந்தவள்தான். அவள் நம்ப மறுத்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. அக்கா சொல்வது உண்மை என்றால், தன் குழந்தைப் பருவத்தையும் தோண்ட வேண்டியிருக்கும். பெற்றோர்களோ சாப்பாட்டு மேசையில் பேச்சை மாற்றுவதில் தேர்ந்தவர்கள்.

அங்கேதான் நாம் சிரித்த சிரிப்பு திரும்பி வந்து நம்மைப் பார்க்கிறது. கிரெக்சன் வீட்டில் எதற்கும் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அந்த நக்கல்தான் அவர்களை நடமாட வைத்தது. ஆனால் பேச வேண்டியதைப் பேசாமல் தள்ளிப்போட உதவியதும் அதுதான். மூன்றாம் பருவத்தில் வேலை, காதல், கல்லூரி என்று பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகப் பார்ப்பதற்கு அம்மாவின் நோயைவிட, அதை எப்போதும் வேடிக்கையாக்கிக் கடக்க வேண்டியிருந்த களைப்புதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

பிறகு பிரைஸ் வருகிறான், டாராவுக்குள்ளேயே. கொடுமை செய்தவனின் சாயலில் ஒரு ஆளுமை உருவாவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அடித்தவனைப் போல ஆகிவிட்டால் அடி விழாது என்பது குழந்தை மனத்தின் கணக்கு. இந்தப் பிரைஸ் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான். ஆலிஸ், டி, பக். அதுவரை நகைச்சுவையாக இருந்த தொடரில் யாரும் சிரிக்க இடமில்லை. அவனை ஒழிக்க டாரா பாலத்திலிருந்து தண்ணீருக்குள் குதிக்கிறாள். மேலே சொன்ன 70 சதவீதம் ஞாபகத்துக்கு வரும் இடம்.

மூன்றாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷோடைம் தொடரை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. கடைசிப் பகுதியில் டாராவும் மேக்ஸும் பாஸ்டனில் ஒரு மருத்துவரைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். குணமாகிவிட்டதாகக் காட்டவில்லை, அப்படிக் காட்டியிருந்தால் பொய்யாகியிருக்கும். எல்லா ஆளுமைகளும் ஒன்றாகிவிடுவதைப் பல நோயாளிகள் விரும்புவதே இல்லை, அவர்களுக்கு அது சாவு வீடு மாதிரி. சண்டையில்லாமல் கூடி இருந்தால் போதும் என்பார்கள், வைத்தியர்களும் அதை ஒத்துக்கொள்வதுண்டு. 2011இல் தொடரை முடித்துவிட்டு நான் கொஞ்ச நாள் பக்கை நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லாத ஆள்தான், ஒரு நடிகையின் தலையில் வைத்த தொப்பிதான். அந்த வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நானும், அடுத்த தடவை கதவு திறக்கும்போது தொப்பி தெரியாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.